கூட் நகரத்து முற்றுகையும் பெயரிழந்த சிப்பாய்களும்

எம்டன் என்னும் ஜெர்மன் யுத்தக் கப்பலைத் தமிழர் மறக்கவில்லை. 1914-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 22-ந் தேதி இரவு அது சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, எண்ணெய்த் தொட்டிகளின்மீது குண்டு பொழிந்து, சில நிமிஷங்களில் வந்த வழியே போய்விட்டது. ஆயினும் அதன் பெயர் நமது பாஷையில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. கண்டிப்பும் சாமர்த்தியமும் உடைய ஒருவரை இன்றும் ‘பெரிய எம்டன்’ என்கிறோம். ஹைக்கோர்ட்டு மதிற்புறத்தில் குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல்லும் இருக்கிறது.

அதே யுத்தத்தில் மெஸபொடேமியா தேசத்தில் டைக்ரிஸ் நதியின் வளைவொன்றில் உள்ள கூட் என்னும் சிற்றூரில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர் 147 நாள் முற்றுகைக்குள் அகப்பட்டுப் பட்டினி கிடந்தனர். அவர்களை மீட்கச் சென்ற சேனையில் தமிழரும் இருந்தனர். இவர்களைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? நம்மீது குண்டெறிந்த அந்நியக் கப்பலின் பெயர் நமக்கு மனப்பாடம். நம் வீட்டிலிருந்து போய் மடிந்தவனின் பெயர் நமக்குத் தெரியாது. இது நமது மறதியின் குற்றம் மாத்திரமன்று. அவர்களுடைய பெயர்கள் எழுதப்படாமல் விடப்பட்டன என்பதே மூல காரணம். அதனையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முற்றுகை

1914-ம் வருஷக் கடைசியில் பாரசீக வளைகுடாவின் எண்ணெய்க் கிணறுகளையும் குழாய்களையும் காக்கும் பொருட்டு இந்திய ஸர்க்கார் பஸ்ராவுக்குப் படை அனுப்பினர். காவலுக்கென்று போன படை, எளிதில் கிடைத்த வெற்றிகளால் மயங்கிய மேலதிகாரிகளின் ஆசைக்கு இணங்கி, பாக்தாதை நோக்கி நதிவழியே நடக்கத் தொடங்கிற்று. ஜெனரல் டவுன்ஷெண்டின் தலைமையில் சென்ற ஆறாவது பூனா டிவிஷன் 1915-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் கூட் நகரைப் பிடித்தது. நவம்பரில் டெஸிபோன் என்னும் இடத்தில் துருக்கரோடு மோதி, நாலாயிரத்துக்கு மேற்பட்டவரைக் களத்தில் இழந்தது. அங்கிருந்து பின்வாங்கி, டிசம்பர் 3-ந் தேதி மறுபடியும் கூட் நகரில் வந்து புகுந்தது. 7-ந் தேதிக்குள் துருக்கர் ஊரை முற்றிலும் வளைத்துக்கொண்டனர்.

அவ்வூரில் அப்பொழுது சுமார் ஆறாயிரம் அராபியக் குடிகள் இருந்தனர். படையில் சண்டை செய்யும் சிப்பாய்களோடு, சமையற்காரர், தண்ணீர் சுமப்போர், டோலி தூக்குவோர், குதிரைக்காரர், தோட்டி முதலாக மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் இருந்தனர். இவர்களைச் ‘சேனையைப் பின்தொடர்வோர்’ என்று ராணுவத்தார் குறிப்பர். துப்பாக்கியின்றிக் குண்டுக்கு எதிரே நின்ற இவர்களே அப்படையில் யாவரினும் எளியவர். சரித்திர நூல்களில் மிகக் குறைவாகப் பேசப்படுபவரும் இவர்களே.

முற்றுகை நீண்டது. நதியில் வெள்ளம் வந்து பதுங்குகுழிகளை நிரப்பிற்று. கோதுமை மாவின் படி நாளுக்கு நாள் குறைந்து, கடைசியில் ஒரு வேளைக்குக்கூடப் போதாத சில அவுன்ஸுகளாயிற்று. வண்டிக் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கொன்று மாமிசம் கொடுத்தனர். வெள்ளைச் சிப்பாய்கள் அதை உண்டனர். இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் உண்ண மறுத்தனர். இந்தியாவிலுள்ள மதத் தலைவர்களிடமிருந்து தந்தி மூலம் அனுமதி பெற்று அறிவித்தும் பலர் இணங்கவில்லை. ‘ஊருக்குத் திரும்பினால் எங்களை யார் பந்தியில் சேர்ப்பார்கள், எங்கள் பெண்களை யார் மணப்பார்கள்’ என்ற அச்சமே அவர்களைத் தடுத்தது. இதனை மூடத்தனம் என்று தள்ளிய எழுத்தாளர் உண்டு. உயிர் போகும் தருணத்திலும் தன் ஊரையும் தன் உறவையும் நினைத்துக்கொண்டே ஒருவன் பசித்திருந்தான் என்றால், அவனைக் கூலிக்குச் சென்றவன் என்று மாத்திரம் எண்ணுதல் தகுமோ? காய்கறியும் மாமிசமும் இன்றி ஸ்கர்வி நோய் அவர்களை வாட்டிற்று. ஏப்ரல் மாதத்தில், வேறு வழியின்றி, ஆயிரக்கணக்கானோர் குதிரை மாமிசத்தைத் தொட்டனர்.

ஆகாய விமானங்களிலிருந்து மாவு மூட்டைகளையும், அதற்கு முன்னரே மாவரைக்கும் கற்களையும் போட்டனர். முற்றுகைக்குட்பட்ட சேனைக்கு விமானத்தின் மூலம் உணவு கொடுக்க உலகில் செய்யப்பட்ட முதற் பெருமுயற்சி இதுவே என்பர். வந்தது பசிக்குக் காற்பங்கும் இல்லை. ஏப்ரல் 24-ந் தேதி இரவு ஜுல்நார் என்னும் நீராவிப் படகு 270 டன் உணவோடு இருட்டில் நதிவழியே ஓடிவந்து, துருக்கர் கட்டிய இரும்பு வடத்தில் சிக்கிப் பிடிபட்டது. இருபது லக்ஷம் பவுன் வரையில் கொடுக்கிறோம், படையை விட்டுவிடுங்கள் என்று பிரிட்டிஷார் இரகசியமாகத் தூதனுப்பினர். துருக்கி மந்திரி என்வர் பாஷா மறுத்துவிட்டார். 1916-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி கூட் சரணடைந்தது.

மீட்கச் சென்றவர்

முற்றுகைக்குள் இருந்தவர் சுமார் 13,000 பேர். அவர்களை மீட்பதற்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நடந்த சண்டைகளில் கொல்லப்பட்டும் காயமுற்றும் விழுந்தவர் சுமார் 23,000 பேர்! ஷேக் ஸாத், வாடி, ஹன்னா, துஜைலா, ஸன்னையத் என்ற பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு தோல்வியின் பெயர். சேற்றிலும் குளிரிலும் நடந்த அச்சண்டைகளில் இந்தியர் காட்டிய தீரத்துக்குச் சாட்சி வேண்டுமானால் இரண்டு பெயர்கள் போதும். வாடிச் சண்டையில், வெட்டவெளியில் காயமுற்றுக் கிடந்த தன் தளபதியை, மண்வெட்டியால் மண்ணைக் குவித்து மறைத்து, ஐந்து மணி நேரம் தன் உடம்பையே கேடயமாக்கிக் காத்தவர் சத்தா சிங் என்ற சிப்பாய். ஹன்னாவில், காயமுற்ற அதிகாரிகள் குளிரில் இறவாதபடி தன் ஆடைகளைக் கழற்றிப் போர்த்தி, ஒருவர்பின் ஒருவராகத் தூக்கிவந்தவர் லாலா என்ற டோக்ரா வீரர். இருவருக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அதனாலேயே இவ்விருவரின் பெயர் நமக்குத் தெரிகிறது.

இச்சேனையில்தான் மதராஸ் ஸாப்பர் படையினரும் இருந்தனர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அப்படையில் தமிழர் மிகப் பலர். பாலங் கட்டுவதும், அகழி தோண்டுவதும், தோணி செலுத்துவதும் அவர்கள் வேலை. கூட் வீழ்ந்த பிறகும் அவர்கள் அந்நதிக்கரையிலேயே தங்கி, 1917-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் சேனை ஆற்றைக் கடந்து அந்நகரை மீட்ட வரையில் உழைத்தனர். நமது ராஜதானி ஜனங்கள் சந்தா போட்டு ஏற்படுத்திய ‘மதராஸ்’ என்ற ஆஸ்பத்திரிக் கப்பலும் அந்த யுத்தத்தின் காயக்காரரைச் சுமந்தது. ஆகவே கூட் என்பது எங்கோ நடந்த வேற்றார் கதையன்று.

சிறைவழி நடை

சரணடைந்தபின் நேர்ந்ததே பெருங்கொடுமை. டவுன்ஷெண்ட் துரையைத் துருக்கர் மரியாதையோடு அழைத்துப்போய், கான்ஸ்டாண்டிநோபிளுக்கருகே ஒரு தீவில் வசதியான வீட்டில் வைத்தனர். சிறையிலிருக்கையிலேயே அவருக்கு ‘ஸர்’ பட்டமும் வந்தது. அவருடைய சிப்பாய்களோ, பசியால் எலும்புந்தோலுமானவர்கள், வெயிற் பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான மைல் கால்நடையாக ஓட்டப்பட்டனர். பாக்தாத், ஸமாரா, மோஸல், நிஸிபின் என்ற ஊர்களின் வழிநெடுக விழுந்தவர் விழுந்தவிடத்திலேயே விடப்பட்டனர். மிஞ்சியவர் ரஸ்-எல்-ஐன் என்னும் இடத்திலும் மலைச் சுரங்கங்களிலும் ரயில்பாதை போடும் வேலையில் ஏவப்பட்டனர். அதே ரஸ்-எல்-ஐன் பாலைவனத்தில்தான் அவ்வருஷங்களில் ஆர்மீனியக் குடும்பங்கள் ஆயிரமாயிரமாய் ஓட்டிவரப்பட்டு மாண்டன; நம்மவர் அதற்குச் சாட்சிகளாயினர்.

சிறைப்பட்ட சாதாரண வெள்ளைச் சிப்பாய்கள் 2,592 பேரில் சுமார் 1,750 பேர் திரும்பவில்லை. இந்தியரில் எத்தனை பேர் திரும்பவில்லை? இங்கேதான் கணக்குத் தடுமாறுகிறது. ஒரு நூல் 2,500 என்னும். மற்றொன்று 3,000 என்னும். இறந்தவர் என்று ஒரு வகை, போனவிடம் தெரியாதவர் என்று ஒரு வகை. போனவிடம் தெரியாதவன் ஒரு தாய்க்கு மகனல்லனோ? அவன் போனவிடம் அவளுக்கல்லவா தெரிந்தாக வேண்டும்?

விசாரணையும் அதன் விளைவும்

இப்பெருந்தோல்வியைப் பற்றி விசாரிக்கப் பிரிட்டிஷ் பார்லிமெண்டார் 1916-ம் வருஷத்தில் மெஸபொடேமியா கமிஷனை நியமித்தனர். 1917-ம் வருஷம் ஜூன் மாதத்தில் வெளிவந்த அதன் அறிக்கை, இந்திய ஸர்க்காரின் ஆயத்தமின்மையையும், வைத்திய வசதியின் கேவலத்தையும் அம்பலப்படுத்திற்று. டெஸிபோனில் காயமுற்றோரைப் பல நாள் மருந்தின்றிப் படகுகளில் அடைத்துக் கொண்டுவந்த கோரத்தை வெளியிட்டவர் மேஜர் கார்ட்டர் என்னும் இந்திய வைத்திய இலாகா டாக்டர். மேலதிகாரிகள் முதலில் அவரைத்தான் அதட்டினார்கள். இந்தியா மந்திரி சேம்பர்லேன் ராஜிநாமா செய்தார். இந்திய நிர்வாக இயந்திரம் இக்காலத்துக்கு உதவாத பழம் பொருள் என்று ஜூலை 12-ந் தேதி காமன்ஸ் சபையில் கண்டித்துப் பேசிய மாண்டேகு, அடுத்த சில நாட்களில் அப்பதவிக்கு வந்தார். ஆகஸ்டு 20-ந் தேதி, இந்தியாவில் படிப்படியாகப் பொறுப்பாட்சி ஏற்படுத்துவதே நோக்கமென்ற புகழ்பெற்ற பிரகடனம் பிறந்தது.

அப்பிரகடனத்துக்கு ஹோம் ரூல் கிளர்ச்சியும் லக்ஷ்மணபுரி ஒப்பந்தமும் காரணங்கள் என்று நமது சரித்திரப் புத்தகங்கள் சொல்கின்றன. அது சரியே. ஆயினும் அதிகார வர்க்கத்தாரின் திறமை என்னும் மாயையை உடைத்ததில் கூட் நகரத்துப் பட்டினிக்கும் ஒரு பங்குண்டு. மேடையில் பேசிய தலைவர்களின் பெயர்கள் அந்தச் சரித்திரத்தில் இடம்பெற்றன. டைக்ரிஸ் கரையில் ஈயும் சேறும் மூடக் கிடந்தவனின் பெயர் இடம்பெறவில்லை.

கல்லில் எழுதிய கணக்கு

யுத்தத்தில் இறந்தோருக்கெல்லாம் ஞாபகச் சின்னம் அமைக்க ஏற்பட்ட ஏகாதிபத்தியக் கல்லறைக் கமிஷனார், பதவி, இனம், மதம் என்ற பேதமின்றி யாவரையும் சமமாகப் பாவிப்போம் என்று உறுதி கூறினர். அந்த உறுதி மெஸபொடேமியாவில் என்னவாயிற்று? 1929-ம் வருஷத்தில் பஸ்ராவில் திறக்கப்பட்ட ஞாபகச் சின்னம் 40,500-க்கு மேற்பட்டோருக்கு உரியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். வெள்ளையரில் கடைசிச் சிப்பாய் வரையில் பெயர் பொறிக்கப்பட்டது. இந்தியரில் அதிகாரிகளின் பெயர்கள் மாத்திரம் பொறிக்கப்பட்டன. சிப்பாய்களும் ஊழியர்களும் அந்தந்தப் படையின் கீழ் ‘மற்றும் இத்தனை பேர்’ என்று எண்ணாக எழுதப்பட்டனர்.

1997-ம் வருஷத்தில் இராக் ஸர்க்காரின் உத்தரவால் அச்சின்னம் துறைமுகத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, பாலைவனத்தின் நடுவே நஸிரியா சாலையில் நிறுத்தப்பட்டது. 2021-ம் வருஷத்தில் அக்கமிஷனே தன் பழைய காரியங்களை விசாரித்து, ஆசியர், ஆப்பிரிக்கர் முதலியோரில் குறைந்தது 1,16,000 பேர் பெயரிட்டு ஞாபகப்படுத்தப்படாமலோ, முற்றிலுமே விடப்பட்டோ போயினர் என்றும், அத்தொகை 3,50,000 வரையிலும் இருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் பார்லிமெண்டில் மந்திரி எழுந்து மன்னிப்பும் கேட்டார். நூறு வருஷத்துக்குப் பின்னர் வந்த மன்னிப்பை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மன்னிப்பு ஒரு பெயரைக் கல்லில் எழுதாது.

பாட்டியார் எழுதிய புத்தகம்

ஸர்க்கார் செய்யத் தவறியதை ஒரு மூதாட்டி செய்தாள். கூட் முற்றுகையில் இருந்த இந்திய டாக்டர்களுள் காப்டன் கல்யாண்குமார் முகர்ஜி என்ற வங்காளி ஒருவர். முற்றுகையிலும் சிறையிலும் நோயாளிகளைப் பராமரித்து, 1917-ம் வருஷத்தில் ரஸ்-எல்-ஐன் முகாமில் தாமே ஜுரத்துக்கு இரையானார். பிறர் நாட்டைப் பறிக்கும் தேசியமே இவ்வளவு இரத்தத்துக்கும் காரணமென்று போர்க்களத்திலிருந்து வீட்டுக்கு எழுதியவர் அவர். அவருடைய பாட்டியார் மோக்ஷதா தேவி, நமது காங்கிரஸின் முதல் தலைவரான உமேசசந்திர பானர்ஜியின் சகோதரி. அவ்வம்மையார் எண்பது வயதில் தம் பேரனின் கடிதங்களைச் சேர்த்து, ‘கல்யாண் பிரதீப்’ என்ற நூலாக 1928-ம் வருஷத்தில் வெளியிட்டார். பஸ்ராவில் கல் திறக்கப்படுவதற்கு ஒரு வருஷம் முன்னரே, ஒரு கிழவியின் கை அக்கல்லைவிட உண்மையானதோர் ஞாபகச் சின்னத்தை எழுப்பிவிட்டது.

அவ்வாறே வங்காள ஆம்புலன்ஸ் படையில் தொண்டராயிருந்த சிசிர் சர்வாதிகாரி என்பவர், சிறையில் தம் நாட்குறிப்பைக் கிழித்துப் பூட்ஸுக்குள் மறைத்துக் காப்பாற்றி, நாற்பது வருஷங்களுக்குப் பின் தம் மருமகளின் உதவியோடு ‘அபி லே பாக்தாத்’ என்ற நூலாக்கினார். இவ்விரு நூல்களும் இல்லாவிடில் கூட் நகரத்து இந்தியனின் வாய்ச்சொல் நமக்கு மிகச் சிறிதே எட்டியிருக்கும். இரண்டும் குடும்பத்தார் காத்த பொருள்கள் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

எமது வீட்டுப் பெயர்

எம்மையும் இவ்விஷயம் தொடுகிறது. எமது பாட்டியாரின் தகப்பனாரும், அவருடைய தம்பியும் ஸாப்பர் படையில் சேர்ந்து, மீட்புச் சேனையோடு டைக்ரிஸ் கரைக்குப் போனவர்கள். மூத்தவர் திரும்பிவந்தார், ஊரார் அவரை ‘பஸ்ராக்காரர்’ என்று சாகுமட்டும் அழைத்தனர். இளையவர் வயிற்றுக்கடுப்பால் நதிக்கரையில் இறந்தார் என்று மாத்திரம் தெரியும். எந்த மாதம், எந்தத் தேதி என்பது தெரியாது. திதி தெரியாதவருக்கு மஹாளய அமாவாசையில் எள்ளும் நீரும் இறைப்பது நமது வழக்கம். பாட்டியார் உயிரோடிருந்த வரையில் அத்தினத்தில் அப்பெயரைக் கூடத்திலிருந்து உரக்கச் சொல்லுவார். கர்த்தா அதைத் திருப்பிச் சொல்லுவார். கல்யாணமாகாமல் இறந்தவர், சந்ததி இல்லாதவர். வருஷத்துக்கொருமுறை அவ்வாறு உச்சரிக்கப்படுவதன்றி அப்பெயருக்கு இவ்வுலகில் வேறிடமில்லை. இப்பொழுது அதைச் சொல்லும் கடமை எமக்கு வந்திருக்கிறது. எமக்குப் பின் யார் சொல்வார் என்பது தெரியவில்லை.

கமிஷனார் பிற்காலத்தில் தொகுத்த பட்டியல்களில் பல பெயர்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் தேடினோம். அப்பெயரை ஒத்தவர் ஒருவருக்கு மேல் இருக்கின்றனர். தகப்பன் பெயரில்லை, ஊரில்லை, இங்கிலீஷ் குமாஸ்தாவின் காதில் விழுந்தவாறு எழுத்துக்களும் மாறியிருக்கின்றன. கோர்ட்டில் எதிர்க்கட்சியார் இத்தகைய ருஜுவைக் கொண்டுவந்தால் நாமே எழுந்து ஆட்சேபிப்போம். அப்பெயரை இங்கே அச்சிட்டு எம் குடும்பத்துக்கு விளம்பரம் தேட விரும்பவில்லை. எம்மைப் போன்ற வீடுகள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கக்கூடும் என்பதைக் காட்டவே இதைச் சொன்னோம்.

ஓர் ஆட்சேபம்

‘இவர்கள் அந்நிய ஏகாதிபத்தியத்துக்காகப் பிறர் நாட்டைப் பிடிக்கப் போனவர்கள், தேசபக்தர்கள் இவர்களை ஏன் நினைக்கவேண்டும்?’ என்று நம் இளைஞர்கள் கேட்பர். நேர்மையான கேள்வியே. அந்த யுத்தத்தை நாம் போற்றவில்லை. அதை முடிவு செய்ததில் நமது ஜனங்களுக்குப் பங்கே இல்லை. 1918-ம் வருஷத்தில் கேடா ஜில்லாவில் மகாத்மாவே படைக்கு ஆள் சேர்க்க நடந்தார் என்பதை மறந்து, பதினொரு ரூபாய் சம்பளத்துக்குப் போன ஏழையை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் நியாயமன்று. அவர்களை நாம் நினைக்கவேண்டுவது அவர்கள் செய்த யுத்தத்துக்காக அன்று. அவர்கள் நம்மவர் என்பதற்காக. மேலும், மனிதனை எண்ணாக்கியது ஏகாதிபத்தியத்தின் கணக்கு. சுதந்தரம் பெற்ற பிறகும் அவ்வெண்ணையே நாம் ஒப்புக்கொண்டிருந்தால், அக்கணக்கில் நாமும் கையொப்பமிட்டவர்களாவோம்.

செய்ய வேண்டுவது

லாகூர் மியூஸியத்தில் கிடந்த பழைய ரிஜிஸ்தர்களிலிருந்து பஞ்சாப் சிப்பாய்கள் 3,20,000 பேரின் விவரங்கள் கிராமவாரியாக இருப்பதைக் கண்டு, அவற்றைக் கணினியில் ஏற்றி, 2021-ம் வருஷம் முதல் உலகத்தார் பார்க்கச் செய்திருக்கின்றனர். பிள்ளைகள் கடல் கடந்த நாடுகளிலிருந்து தங்கள் கொள்ளுப்பாட்டனின் பெயரைத் தேடிக் கண்டு அழுகின்றனர். நமது பக்கத்தில் இதை யார் செய்வது?

ஸர்க்காருக்காகக் காத்திராமல் முதற் காரியத்தை நாமே தொடங்கலாம். பல கிராமங்களில் ‘இக்கிராமத்திலிருந்து இத்தனை பேர் மகாயுத்தத்துக்குப் போயினர், இத்தனை பேர் உயிர் நீத்தனர்’ என்று எழுதிய சிறு கல் ஒன்று சுவரில் இருக்கும். அங்கும் எண்ணே, பெயரில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு வாத்தியாரும் சில மாணவரும் அந்த எண்ணைப் பெயராக்க முயலட்டும். வீட்டுப் பெட்டியில் பழைய யுத்தப் பதக்கமிருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். நம்பரும் பெயரும் படையும் அதில் வெட்டப்பட்டிருக்கும். சிப்பாய்க்கு வெள்ளி, ஊழியனுக்கு வெண்கலம். வெள்ளியை உருக்கிக் கொலுசு செய்துவிட்ட வீடுகளும் உண்டு. அங்கே கிழவிகளின் நாவே பதக்கத்தின் விளிம்பு. அவர்களைக் கேளுங்கள். பென்ஷன் காகிதம், கடிதம், டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட், பட்டா உத்தரவு எதுவாயினும் நகலெடுங்கள். தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்த ஒரு வரி, பட்டியலிலுள்ள அநாதைப் பெயர் ஒன்றுக்கு வீடு கொடுக்கும்.

கூட் நகரில் பசித்திருந்தவனுக்கு அன்று மாவு மூட்டை போய்ச் சேரவில்லை. அதை இனி அனுப்ப முடியாது. அவன் பெயரை அவன் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்க முடியும். அதற்குரிய சாட்சிகள் கிழப்பருவம் எய்தி ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். ஆதலின் தமிழ் மக்கள் இக்காரியத்தை அடுத்த மஹாளயம் வருமுன்னரே தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.